குரல்வளை எடுத்த பிறகு பேச்சு: மெஷினா, வால்வா, உணவுக்குழாய்க் குரலா?

குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் மூச்சு கழுத்துத் துளை வழியாகத்தான் போய் வரும். நுரையீரல் காற்று வாய்ப்பக்கமே வராது. ஆனால் நாக்கு, உதடு, பல், அண்ணம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சொல்லை உருவாக்குபவை அவைதான். போனது அதிர்வு மட்டும். அதை எங்கிருந்து வாங்குவது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

எதில் குரல் நன்றாக இருக்கும் என்று கேட்டால் வால்வு என்று தயங்காமல் சொல்லலாம். வடசென்னையில் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ குடியிருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அது கெட்டுப்போனால் என்ன செய்வது? இந்த அலசல் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

மெஷின்

எலக்ட்ரோலாரிங்ஸ் என்பது டார்ச் லைட் அளவுக் கருவி. தலைப்பகுதி அதிரும். அதைக் கழுத்தில் வைத்தால் அதிர்வு தொண்டைக்குள் இறங்கும், வாய் அதைச் சொல்லாக்கும். இதைக் கற்க மாதக்கணக்கு வேண்டாம், சில நாட்களில் வீட்டாருக்குப் புரியும். அறுவைப் புண் ஆறும்வரை கழுத்தில் வைக்க முடியாது. அதுவரை மெல்லிய குழாய் மாட்டி, வாயோரமாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டுப் பேசலாம். ரேடியேஷனில் கழுத்து கட்டை மாதிரி இறுகியவர்களுக்கும் இந்தக் குழாயோ கன்னமோதான் கைகொடுக்கும்.

முதலில் செய்ய வேண்டியது இடம் தேடுவது. தாடைக்குக் கீழே ஒரு பக்கமாக வைத்து 'ஆ' என்று வாயைத் திறந்தபடி அரை அரை அங்குலமாக நகர்த்துங்கள். இரைச்சல் வெளியே குறைந்து வாய்க்குள் கூடும் இடம் அகப்பட்டதும், கண்ணாடி பார்த்து அங்கே பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதி தோலோடு முழுவட்டமாகப் பொருந்தாவிட்டால் ரீங்காரம்தான் கேட்கும், பேச்சு கேட்காது. வாக்கியம் முடிந்ததும் பொத்தானை விட்டுவிட வேண்டும். பலர் விடுவதில்லை, கேட்பவருக்குக் காது வலிக்கும்.

தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. மெஷின் ஒலி நிற்காமல் ஓடுவதால் 'பால்' என்று சொன்னால் முதல் எழுத்து, கண்ணாடி பாட்டிலின் 'ba' மாதிரி ஒலிக்கும். நம் எழுத்திலேயே இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் கேட்பவர் பழக்கத்தில் சரிசெய்துகொள்வார். சிக்கல் 'பல்லி'யிலும் 'மல்லி'யிலும்தான்; இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். குறில் நெடிலும் அப்படியே. 'பாடு' என்பதை இழுக்காமல் சொன்னால் 'படு' ஆகிவிடும். நெடிலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீட்டிப் பழகுங்கள்.

ஒரு கை எப்போதும் மெஷினுக்கே போய்விடும். காசிமேட்டு மீன் ஏலக் கூட்டத்திலும் ஷேர் ஆட்டோவிலும் எடுபடாது. இது கெடுவது பெரும்பாலும் பேட்டரியில், அதனால் கூடுதல் பேட்டரி ஒன்று பையில் இருந்தால் ஞாயிறு ராத்திரியும் கவலையில்லை.

வால்வு

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் சின்னத் துளை போட்டு, ஒருவழிச் சிலிக்கான் வால்வு பொருத்துவார்கள். கட்டைவிரலால் கழுத்துத் துளையை மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாகத் தொண்டைக்கு ஏறி அதிரும். 1980-இல் சிங்கர், ப்ளோம் இருவரும் வெளியிட்ட முறை இது. நுரையீரலின் முழுக் காற்றும் கிடைப்பதால் நீண்ட வாக்கியம் ஒரே மூச்சில் வரும். குரலும் மனிதக் குரலாகவே இருக்கும், என்ன, கொஞ்சம் கரகரப்பு.

பிரச்சினை பராமரிப்பு. ஒரு வால்வு பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஓடும். பூஞ்சை படிந்து மூடி சரியாக மூடாது. தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் அதுதான் அறிகுறி. கண்ணாடி முன் டார்ச் அடித்துக்கொண்டு ஒரு வாய் காபி குடித்துப் பாருங்கள், நிறம் காட்டிக்கொடுக்கும். வால்வின் நடுவிலிருந்து கசிந்தால் முதலில் பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். நிற்காவிட்டால் வால்வை மாற்ற வேண்டும். சுற்றிலும் கசிந்தால் பொதுவாக அளவு தவறு. அறுவைக்குப் பின் வீக்கம் வடிந்து சுவர் மெலியும், முதலில் பொருத்திய நீளமான வால்வு முன்னும் பின்னும் ஆடும். அதற்குக் குட்டை வால்வு வேண்டும். சுற்றிக் கசிவதைப் பெரிய வால்வு போட்டு அடைக்க நினைப்பது தவறு, துளைதான் பெரிதாகும்.

காலையும் இரவும் பிரஷ்ஷை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றி எடுங்கள். மோர் குடித்தால் பூஞ்சை குறையும் என்பதை நம் ஊர்க்காரர் சொன்னால் சிரிப்போம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் செயற்கைத் தொண்டை அமைத்து இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், பலனும் தெரிந்தது. அவர்கள் மோரும் நம் மோரும் ஒன்றல்ல, ஆனாலும் குடிப்பதில் நஷ்டமில்லை. மருத்துவர் தந்த பூஞ்சை மருந்தை மட்டும் அதற்காக நிறுத்தக் கூடாது.

வால்வு கழன்றுவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், வால்வு இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கும். மருத்துவர் முன்கூட்டியே கொடுத்துக் கற்றுத்தந்த ரப்பர் குழாயை அந்தத் துளையில் செருகி, பிளாஸ்டர் ஒட்டி, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விழுந்த வால்வு கண்ணில் படவில்லையா? நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

குரல் திடீரென்று வராமல் போனால், விரலை ரொம்ப அழுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அழுத்தினால் தொண்டையும் சேர்ந்து நெரிபடும். மீன் வெட்டும் கை, கிரீஸ் கை என்றால் கழுத்துத் துளையருகே கொண்டுபோகவே கூடாது. அந்தத் தொழில்காரருக்கு வால்வு ஏற்றதா என்று யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு வால்வு ஒன்று ஐந்திலக்க ரூபாய்க்குப் போகும். பெங்களூரு அறுவைச் சிகிச்சை நிபுணர் விஷால் ராவ் உருவாக்கிய 'ஓம்' வால்வின் விலை சுமார் 50 ரூபாய் என்று செய்திகள் வந்தன. எதைப் பொருத்துவதாக இருந்தாலும் அறுவைக்கு முன்பே கேளுங்கள்: அடுத்த வால்வை யார் மாற்றுவார், எந்தக் கிழமை, காப்பீட்டில் வருமா? விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலிலோ கிண்டியிலோ உள்ள மருத்துவமனைக்குப் போய்விடலாம். வண்ணாரப்பேட்டைக்காரருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம். ஆனால் அங்கே அன்றைக்கு உங்கள் அளவு வால்வு இருக்குமா என்பதுதான் கேள்வி.

உணவுக்குழாய்க் குரல்

கருவியும் வேண்டாம், கையும் வேண்டாம், செலவும் கிடையாது. வாயிலிருக்கும் காற்றை உணவுக்குழாயின் மேல்பகுதிக்குத் தள்ளி உடனே திருப்பி விடுவதுதான் வித்தை. ஏப்பம் மாதிரி, ஆனால் ஏப்பமல்ல. கோலி சோடா குடித்துப் பழகலாம் என்பது தப்பு யோசனை. அந்தக் காற்று வயிற்றிலிருந்து தாமதமாக வரும், வேண்டியபோது வராது.

காற்றை உள்ளே தள்ளுவதற்குப் ப், த், க் மூன்றும் உதவும், உதடோ நாக்கோ அடைக்கும்போதே காற்று பின்னால் போய்விடும். தமிழில் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி சொற்கள் உண்டு: பாப்பா, தாத்தா, காக்கா. அவற்றில் தொடங்கி, பிறகு 'பத்து', 'கப்பல்' என்று நகருங்கள். ஒரு மணி நேரம் தொடர்ந்து செய்வதைவிடப் பத்துப் பத்து நிமிடமாக ஐந்தாறு தடவை நல்லது. வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறீர்கள் என்று பொருள். கழுத்துத் துளையில் 'புஸ்' என்று சத்தம் வந்தால் தேவையில்லாமல் முக்குகிறீர்கள்.

உணவுக்குழாய் பிடிக்கும் காற்று அதிகபட்சம் 80 மில்லிலிட்டர் அளவுதான். அதனால் நாலைந்து அசைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். குரல் தாழ்ந்திருக்கும், மார்க்கெட்டில் எட்டாது. கைகூட ஆறு மாதமாவது ஆகும், முயன்றும் வராதவர்கள் நிறைய. ஆனால் வந்துவிட்டால் கெட்டுப்போக எதுவுமில்லை.

எங்கள் பரிந்துரை: மெஷினை எல்லோரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வால்வு பொருத்தியவரும்கூட. மாற்றித்தர ஆளும் அதற்குப் பணமும் உறுதியாக இருந்தால் வால்வுக்குப் போங்கள். கை ஓயாத, கை அழுக்காகும் தொழில் என்றால் பாப்பா, தாத்தாவை இன்றே தொடங்குங்கள்.

மெஷின் குரலில் 108-ஐக் கூப்பிட்டால் மறுமுனையில் விளையாட்டு என்று நினைத்து வைத்துவிடலாம். 'நான் கழுத்துத் துளையால் மூச்சுவிடுபவன், ஆக்சிஜனைக் கழுத்தில் வையுங்கள்' என்பதையும் முகவரியையும் வீட்டார் குரலில் பதிவு செய்து இன்னொரு போனில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வரியை அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் போடுங்கள்.