ஒரே மூச்சில் நூறா, ஓடிவந்து இரண்டிரண்டா?

அக்கா மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். பாளையங்கோட்டையில் வெயில் ஏறிவிட்டால் சிமெண்டுத் தரையில் நிற்க முடியாது. காலை ஆறு மணிக்கே இருவரும் திடலுக்குப் போய்விடுவோம். எதிரணி தவறு செய்தால், யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று வளையத்துக்குள் பந்து வீசக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ. அவளுடைய ஃப்ரீ த்ரோவுக்காக இரண்டு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

முதல் வழி, கோட்டில் நின்று இடம் மாறாமல் நூறு பந்து வீசுவது. வளையம் மாட்டிய போர்டிலிருந்து கோடு 4.6 மீட்டர், வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் இந்த அளவுதான். மாறாத ஒன்றை மாறாமல் பழகுவதில் நியாயம் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2005-ல் வெளிவந்தது. கோட்டுக்கு முன்னும் பின்னும் பல தூரங்களிலிருந்து வீசச் சொல்லிக் கணக்குப் பார்த்தார்கள். மற்ற தூரங்களின் கணக்குப்படி விழ வேண்டியதைவிடக் கோட்டிலிருந்து கூடுதலாகவே விழுந்தது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்று வீசிய கைகள் அல்லவா!

ஆனால் பக்கத்தில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும்போது வேறொன்று கண்ணில் படும். ஒரு பந்து குட்டையாக விழுந்தால் அடுத்ததைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறாள், விழுந்துவிடுகிறது. போன பந்தைப் பார்த்து இந்தப் பந்தைத் திருத்திக்கொள்ளும் வசதி அது. அறுபதைத் தாண்டியதும் முழங்கை வெளியே விலகத் தொடங்கும். அப்படியும் பந்து விழுவதால் அவளுக்கு அது தெரிவதே இல்லை.

ஆட்டத்தில் அந்த வசதி ஏது? பெரும்பாலும் இரண்டே பந்து, அதுவும் ஓடி இளைத்த மூச்சோடு. நடுவர் பந்தைக் கையில் கொடுத்த ஐந்து விநாடிக்குள் வீசியாக வேண்டும். இரண்டாவது வழி இதற்காகத்தான்: இரண்டு வீச்சு, எதிர்முனை வரை ஓடித் திரும்பல், மறுபடி இரண்டு. நூறு பந்துக்கு ஆகும் நேரத்தில் ஐம்பதுதான் முடியும். விழும் எண்ணிக்கையும் குறையும். முதல் வாரம், "மாமா, எனக்கு உள்ளதும் போய்விட்டது" என்று அழுதாள். கையால் சிறு பலகைகளைத் தட்டிச் சாய்க்கும் வேலையை வைத்து 1979-ல் வந்த ஓர் ஆய்விலும் இப்படித்தான் நடந்தது. தட்டும் விதங்களை மாற்றி மாற்றிக் கலந்து பழகியவர்கள், ஒரே விதத்தைத் தொடர்ந்து பழகியவர்களைவிடப் பயிற்சியில் பின்தங்கினார்கள். பிறகு சோதித்தபோது அவர்களே நன்றாகச் செய்தார்கள்.

என் தேர்வு இரண்டாவது வழிதான். முழங்கை பந்துக்கு அடியில் நிற்காத பிள்ளைக்கு மட்டும் அது வேண்டாம். அவர்கள் வளையத்துக்கு அருகில் வந்து, கை படியும் வரை ஒரே இடத்தில் வீசட்டும். மழை நாளில் இரண்டுமே நடக்காது. வீட்டில் மல்லாந்து படுத்து, பந்து நேரே மேலே போய்க் கைக்கே திரும்புமாறு போட்டுப் பழகலாம்.

கணக்குக்குக் கோட்டோரம் இருபத்தைந்து புளியங்கொட்டைகளை வைத்திருக்கிறோம். இரண்டும் விழுந்தால்தான் ஒரு கொட்டை இடம் மாறும். நேற்று ஓடி வந்து நின்றாள், பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள், மூச்சை விட்டாள். முதல் பந்து வலையை மட்டும் தொட்டு இறங்கியது. இரண்டாவது வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. கொட்டையின் பக்கம் திரும்பாமலே எதிர்முனையை நோக்கி ஓடினாள்.