அம்பாசிடருக்கு துரு வெட்டி, புஷ் மாற்றி ஆறு வருஷம்

எங்கள் அம்பாசிடர் 1984 மாடல், மார்க் 4. அப்பாரு வாங்கியது. தாராபுரம் பக்கம் தோட்டத்திலேயே நின்று ஓடிய வண்டி. 2019-ல் அடித்தகடுகளை வெட்டி மாற்றி, சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளைகள்) அத்தனையும் புதிதாகப் போட்டோம். அதன் பிறகு 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது, முதலில் புஷ்ஷா, துருவா என்றுதான். துருதான் முதலில். நான் அதைத் தலைகீழாகச் செய்து மூன்று வருஷத்தையும் கணிசமான பணத்தையும் இழந்தேன்.

2016-ல் வேகத்தடையில் ஏறி இறங்கினால் கடக் கடக் என்று சத்தம். பிரேக் மிதித்தால் முன்பக்கம் ஒரு இடி. பல்லடம் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் அலையும். ஒரு பட்டறையில் விட்டேன். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் புஷ் மட்டும் மாற்றினார்கள். கதவுக்குக் கீழே துரு தெரிந்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டே நாளில் வேலை முடிந்தது. வண்டி புத்தம் புதிதாகத் தெரிந்தது. மூன்று மாதத்தில் பின்பக்கம் இடது புறம் அதே சத்தம் திரும்ப வந்தது. இரண்டு ஐப்பசி மழை தாண்டியதும் பட்டி வைத்த இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு வேலை பழகிய ஒரு டிங்கர் அண்ணாவிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து ஒரு காந்தத்தை அங்கங்கே வைத்துப் பார்த்தார். பட்டி கனமாக இருந்த இடத்தில் காந்தம் ஒட்டவே இல்லை. அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனவர், பின் சக்கரத்துக்கு முன்னால், லீஃப் ஸ்பிரிங் பட்டையின் முன் கண், அதாவது முனை வளையம், மாட்டியிருக்கும் இடத்தில் நிறுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் தகட்டுக்குள் இறங்கிவிட்டது. "புஷ்ஷெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. அதப் புடிச்சிருக்கற தகடுதான் இல்ல" என்றார்.

அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும்தான் வண்டியின் முதுகெலும்பு. பட்டை, ஷாக் அப்சார்பர், முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் எல்லாம் பாடியில்தான் மாட்டியிருக்கின்றன. மாட்டிய இடம் அசைந்தால் புஷ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சத்தம் வரத்தான் செய்யும்.

துரு எப்படி வந்தது என்று யோசித்தால் எங்கள் பழக்கங்கள்தான் காரணம். அப்பாரு காலத்தில் டிக்கியில் பொட்டாஷ் உர மூட்டை ஏற்றாத மாதம் இல்லை. பொட்டாஷும் ஒரு வகை உப்புதான். கொஞ்சம் சிந்தினால் போதும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தகட்டில் வைத்துக்கொள்ளும். டிக்கித் தரையில் கையளவு ஓட்டை அப்படி விழுந்ததுதான். உள்ளே காலடியில் கயிறு மேட் போட்டிருந்தோம். நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. கதவின் அடியில் தண்ணீர் வடிய கம்பெனியே விட்டிருந்த துளைகள் செம்மண் புகுந்து அடைந்து கிடந்தன. மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்றிருக்கிறது.

டிங்கர் வேலை மட்டும் 47 நாள். சீட், மேட், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிரித்த பிறகுதான் வெல்டிங்கைக் கையிலெடுத்தார். கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டை வெட்டும் முன், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு சதுரக் குழாயை வைத்துத் தற்காலிகமாகப் பற்ற வைத்தார். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், பிறகு கதவு எப்போதும் சரியாக மூடாது. தரைக்கு 20 கேஜ் தகடு, பட்டை மாட்டும் இடத்துக்கும் ஜாக்கி வைக்கும் இடத்துக்கும் அதைவிடக் கனமான 18 கேஜ். நல்ல தகடு தெரியும் வரை வெட்டினார், ஓட்டை மேல் தகடு வைத்து ஒட்டவில்லை. மிக் வெல்டிங்கையும் ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். சூட்டில் தகடு நெளியாமல் இருக்க அதுதான் வழி. அந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

வெட்டத் தேவையில்லாத மேல் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) தடவி, காய்ந்த பிறகு எபாக்ஸி பிரைமர் அடித்தோம். அடிப்பக்கத்துக்கு அண்டர் கோட்டிங். வடிகால் துளைகள் அடையாமல் இருக்க ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகி வைத்துவிட்டு அடித்தோம். பெட்டித் தகட்டுக்குள் மெழுகு ஸ்ப்ரே.

அதன் பிறகுதான் புஷ். கோயம்புத்தூர் உக்கடத்தில் தேடினால் அம்பாசிடர் சாமான் இன்னும் கிடைக்கிறது. 2014-ல் உற்பத்தி நின்றபோது பயந்த அளவுக்குப் பஞ்சமில்லை. தரத்தில்தான் வித்தியாசம். நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் ரப்பரை வாங்காதீர்கள். முன்பக்கம் கீழ் ஆர்ம் புஷ், டை ராடு புஷ், பின்பக்கம் பட்டையின் முன் கண் புஷ், பட்டையின் பின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ், ஷாக் அப்சார்பர் ரப்பர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். பிரேக் அடித்தால் வந்த இடிக்கு டை ராடு புஷ் தேய்ந்ததே காரணம். பட்டைக் கண்ணின் பழைய புஷ் துருப்பிடித்து இறுகியிருந்ததால் வெளி உறையை ஹேக்சா பிளேடால் கீறிய பிறகே பிரஸ்ஸில் கழன்றது. புதியதை ஏற்றும்போது கிரீஸ் தடவாமல் சோப்புத் தண்ணீர் தடவினோம்.

ஒன்றை மட்டும் மெக்கானிக் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கக் கூடாது. கையால் முடுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். 2016-ல் போட்ட புஷ்களை 2019-ல் கழற்றிப் பார்த்தபோது இரண்டு அப்படித்தான் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தன.

ஷாக்கிளுக்கு மட்டும் ரப்பருக்குப் பதில் அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டுப் பார்த்தேன். தேய்மானம் இல்லைதான். ஆனால் சித்திரை வெயிலில், புழுதி ரோட்டில் கீச்சென்று கத்தியது, சின்னச் சின்ன மேடு பள்ளமும் சீட் வரை தெரிந்தது. எட்டு மாதத்தில் ரப்பருக்கே திரும்பினேன். அம்பாசிடரின் சுகமே அந்த மெத்தென்ற ஓட்டம்தான், அதை இழக்க எனக்கு மனசில்லை.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் அடியில் ஆயில் அடிப்பது நம் ஊர் வழக்கம். துருவுக்கு நல்லதுதான், ரப்பருக்கு விஷம். ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உப்பி இளகிவிடும். நான் இப்போது தண்ணீர் மட்டும் அடிக்கச் சொல்கிறேன். அண்டர் கோட்டிங் விரிசல் விட்டிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்கிறேன்.

மொத்தச் செலவு, பெயிண்ட் சேர்த்து பாடிக்கு 84,000 ரூபாய், புஷ்ஷுக்கு கூலியோடு 9,500. வண்டி 1984 என்பதால் 2019-ல் ஆர்சி புதுப்பிக்கும் முறை. வேலை முடிந்த கையோடு ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டினோம், 2024-லும் காட்டினோம்.

இந்த ஆறு வருஷத்தில் நாலாவது வருஷம் ஷாக் அப்சார்பர் ரப்பர் இரண்டை மாற்றினேன். இடது முன் மட்கார்டு ஓரத்தில், கல் தெறித்த இடத்தில், ஒரு ரூபாய் அளவு கொப்புளம் வந்தது, உடனே தேய்த்து பிரைமர் வைத்தேன். முன் டயர் இரண்டும் ஒரே சீராகத் தேய்கின்றன. வெட்டிப் போட்ட தகட்டில் எங்கும் துரு இல்லை. ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன் வடிகால் துளைகளில் கம்பி விட்டுப் பார்க்கிறேன். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதில்லை, மாட்டுச்சாளைக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக ஒரு கூரை போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையில் இப்போது கொஞ்சம் ஈரம் தெரிகிறது. ஐப்பசிக்குள் அதை மாற்றிவிட வேண்டும்.