பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை: ஒரே சாலையை நம்பியிருக்கும் தீவுக்கு ஒரு மதிப்புரை

இராமேசுவரம் சென்று வருவோர் கோயிலைப் பற்றியும் தங்கும் விடுதிகளைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீவுக்குள் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாலையையும், அதன் ஓரமாகக் கிடைக்கிற பேருந்து, வாகன நிறுத்தம், குடிநீர், மருத்துவம் ஆகியவற்றையும் ஒரு சேவையாகக் கருதி மதிப்பிட்டவர்கள் குறைவு. இராமநாதபுரம் மாவட்டத்தில் வசிப்பவன் என்ற முறையிலும், தங்கச்சிமடத்தில் உறவினர் வீடு இருப்பதால் விசேஷ நாள், சாதாரண நாள் என்ற வேறுபாடு இல்லாமல் அந்த வழியில் போய்வருபவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். மண்டபத்தைத் தாண்டிப் பாலம் ஏறும் இடத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் தார்ச்சாலை முடிகிற வட்டம் வரை, முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான் இங்கே பேசப்படுகிறது.

முதலில் பாம்பன் சாலைப் பாலம். 1974இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்ட, 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த இந்தப் பாலம் ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளமுடையது. போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று இருவழிதான். உப்புக் காற்றிலும் ஓயாத அலையிலும் இத்தனை ஆண்டுகள் நின்று உழைத்திருக்கிறது என்ற அளவில் கட்டுமானத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் பயன்பாட்டில் இருக்கிறது. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் நின்று ரயில் பாலத்தைப் படமெடுப்பது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒரு பக்கம் சுற்றுலா வேன்கள் வரிசையாக நின்றுவிட்டால் மீதமிருக்கும் இடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று உரசாமல் கடப்பதே பெரும்பாடு. ரயில் வருகிற நேரமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாலத்தில் நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. நிறுத்திப் பார்க்க முறையான இடம் பாலத்துக்கு இருபுறமும் போதிய அளவில் இல்லாதபோது அந்த விதியைக் காவலர் நிற்கும் நேரத்தில் மட்டுமே எதிர்பார்க்க முடியும்.

1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தூக்குப் பாலத்துடன் கூடிய புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை, தீவுக்கு வந்தவர்களும் தீவிலிருந்து போனவர்களும் இந்த இருவழிச் சாலை ஒன்றையே நம்ப வேண்டியிருந்தது. ஒரே கதவுள்ள வீட்டில் கல்யாணம் நடத்துவது போன்ற நிலைதான் அது. ரயில் திரும்பி வந்தபின் பாலத்தின் மீதான சுமை ஓரளவு குறைந்திருப்பது உண்மை. ஆனால் விடியற்காலையில் ஒரு நெடுந்தூர ரயில் இறக்கிவிடும் கூட்டம் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போக ஆட்டோவைத்தான் தேடுகிறது. அந்த ஆட்டோக்கள் ஓடுவதும் அதே வீதிகளில்தான்.

பாம்பனிலிருந்து இராமேசுவரம் வரையிலான பகுதியைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். வெளியூர்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்துபோகும் பகுதி அது. வரைபடத்தில் அது தேசிய நெடுஞ்சாலை 87. அங்கே வாழ்பவர்களுக்கு அதுவே கடைவீதி, பள்ளிக்குப் போகும் வழி, மீன் வண்டி ஏற்றும் இடம், கோயில் கொடை ஊர்வலமும் மாதா சப்பரமும் போகும் தெரு. அக்காள்மடம், தங்கச்சிமடம் பகுதிகளில் வீட்டு வாசற்படிக்கும் சாலையின் தாருக்கும் இடையில் சில அடி மணல்தான் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குத் தங்கச்சிமடத்தில் நின்று பார்த்தால் நிலைமை விளங்கும். வலசை, வடகாடு பக்கத்துக் குறுக்குச் சாலைகளிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள், இரவெல்லாம் பிடித்த மீனை ஐஸ் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு கிளம்பும் வண்டிகள், வடமாநிலப் பதிவெண் கொண்ட பெரிய சுற்றுலாப் பேருந்துகள் ஆகிய மூன்றும் அதே பத்து நிமிடத்தில் அதே இடத்தைக் கடக்கின்றன.

இந்தப் பகுதியின் மல்லிகை நாற்றுக்குத் தமிழகத்தில் மட்டுமன்றி வெளிமாநிலங்களிலும் பெயர் உண்டு. தங்கச்சிமடத்தைச் சுற்றியுள்ள மணற்பாங்கான தோட்டங்களில் பதியனிட்டு வேர்பிடிக்க வைத்த நாற்றுகளை, ஈரச் சாக்கில் கட்டுக்கட்டாகச் சுற்றிச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு பேருந்துக்கும் லாரிக்கும் காத்திருப்பார்கள். வேர் காய்வதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டிய சரக்கு அது. அமாவாசைக்கு முதல் நாள் சாலை அடைபட்டால் விடுதியில் அறை எடுத்தவருக்கு ஒரு மணி நேரம்தான் நஷ்டம். நாற்றுக்காரருக்குச் சரக்கே நஷ்டம். இந்தச் சாலையால் யாருக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்ப்பவர்கள் இவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பேய்க்கரும்பில் 2017 ஜூலையில் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடம் பார்க்க வேண்டிய இடம் என்பதில் ஐயமில்லை. உள்ளே பராமரிப்பும் ஒழுங்கும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் விடுமுறை நாட்களில் அங்கே வந்து நிற்கும் வாகனங்கள் சாலையின் ஓரத்தையும் பிடித்துக்கொள்கின்றன. நெடுஞ்சாலையை ஒட்டியே இவ்வளவு பெரிய ஈர்ப்பிடம் அமையும்போது, வண்டிகள் உள்ளே திரும்பவும் வெளியே வரவும் தனித்தடம் ஒன்றைக் கூடவே திட்டமிட்டிருக்கலாம்.

நகருக்குள் நுழைந்தபின் சேவையின் தரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பேருந்து நிலையம் கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் மேற்கே இருப்பது நல்ல ஏற்பாடு. வெளியூர்ப் பேருந்துகள் ரத வீதிகளுக்குள் வருவதில்லை. கோயிலைச் சுற்றி வாகனங்களைக் கட்டுப்படுத்தியிருப்பதும் நடந்து செல்பவர்களுக்கு உதவியாக இருக்கிறது. ஆனால் ரத வீதிகளிலிருந்து அகற்றப்பட்ட வாகனங்கள் அவற்றுக்கு அடுத்த தெருக்களில் போய் நிற்கின்றன. அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டு வாசலில் தங்கள் வண்டியை நிறுத்த முடியாமல் தவிப்பதை எந்த விழாக் காலத்திலும் காணலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கும் கூட்டத்தை எந்தச் சாலையும் தாங்காது என்பது வேறு விஷயம். சாதாரணச் சனி, ஞாயிறுகளே இப்போது அந்த நாட்களை நெருங்கிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் கவலைக்குரியது.

நகரப் பேருந்துகள் மலிவானவை, நம்பத்தக்கவை, போதாதவை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் மீன் கூடையுடனும் கருவாட்டு மூட்டையுடனும் ஏறும் பெண்களுக்கு இது மெய்யாகவே பெரிய ஒத்தாசை. அதே பேருந்தில் தனுஷ்கோடி பார்க்கப் போகும் குடும்பங்களும் ஏறிக்கொள்ளும்போது, நடுவழியில் கைகாட்டும் உள்ளூர்க்காரருக்கு இடம் இருப்பதில்லை. பயணிகளுக்கென்று தனியாகவும் ஊர்க்காரர்களுக்கென்று தனியாகவும் வண்டி விட்டால் இரு தரப்பும் பிழைத்துக்கொள்வார்கள்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, நகரில் அரசு மருத்துவமனை இருக்கிறது; காய்ச்சலுக்கும் சிறு காயத்துக்கும் அது போதும். பெரிய விபத்து, சிக்கலான பிரசவம், மாரடைப்பு என்றால் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதே இப்பகுதிக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முன் பல நேரங்களில் மதுரை வரை ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் 108 வண்டி பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. பாலத்தில் நின்று படமெடுக்கும் நண்பர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

குடிநீர் பற்றி ஒரு சொல். மணலுக்கடியில் ஒதுங்கியிருக்கும் மழைநீர்தான் தீவின் இயற்கையான நன்னீர். அளவுக்கு மேல் இறைத்தால் உவர்நீர் மேலேறிவிடும். விடுதிகள் பெருகப் பெருக ஆழ்துளைகளும் பெருகுகின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டிகளைத் தெருக்களில் பார்க்கலாம். மழை பெய்தால் நிலைமை தலைகீழாகிவிடும். 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியபோது தாழ்வான குடியிருப்புகளில் நீர் புகுந்து வடிய வழியில்லாமல் நின்றது. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நீர் கடலுக்குப் போய்ச் சேரவில்லை.

தனுஷ்கோடிப் பகுதி இந்தச் சாலையின் மிக அழகான துண்டு. 1964 டிசம்பர்ப் புயல் ஊரை அழித்தபின் அரை நூற்றாண்டுக்கு மேல் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை நின்றுவிட்டது. அதற்கப்பால் மணலில் ஓடப் பழகிய உள்ளூர் வேன்களே கதி. 2017இல் அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. இருபுறமும் கம்பி வலைக்குள் கற்களை அடுக்கிக் கரை கட்டியிருக்கிறார்கள். காற்றடி காலத்தில் அதையும் மீறி மணல் தார்மீது பாய் விரித்துவிடும். ஓட்டுவதற்கு இதைவிட இனிமையான சாலை மாவட்டத்தில் இல்லை.

ஆனால் அந்தச் சாலை யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். முன்பு வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்தத் தொழில் போயிற்று. சிலர் சிப்பிக் கடையும் வறுத்த மீன் கடையும் போட்டிருக்கிறார்கள். சிதைந்த தேவாலயத்தைச் சுற்றி ஓலைக் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கு முதன்மை வெளிச்சம் சூரியத் தகடுதான்; மணலைத் தோண்டி ஊற்றெடுத்துச் சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பும் பெண்களை, பல்லாயிரம் பேர் வந்துபோகும் அந்தச் சாலையில் நின்றபடியே பார்க்கலாம். சாலையின் முடிவில் நான்முகச் சிங்கத் தூணைச் சுற்றியுள்ள வட்டத்தில் வண்டிகள் திரும்பும் இடம் குறுகியது. கழிப்பறை, நிழல், குடிநீர் மூன்றுமே வருகிற கூட்டத்துக்குப் போதுமானவையாக இல்லை. வெயில் காலத்தில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் இராமேசுவரம் நகராட்சியின் மக்கள்தொகை 44,856. துப்புரவுப் பணியாளர், குடிநீர், மருத்துவப் படுக்கை என்று எதை ஒதுக்கும்போதும் இப்படிப்பட்ட குடியிருப்போர் எண்ணிக்கையே பெரிதும் அடிப்படையாகிறது. சாலையில் நடப்பவர்களும் தண்ணீர் குடிப்பவர்களும் குப்பை போடுபவர்களும் வேறு கணக்கு. இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தீவுவாசிகளே தங்கள் நேரத்தாலும் தண்ணீராலும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் முதன்மையான குறை. தீவுக்கு வரும் வழியை அகலப்படுத்துவதில் காட்டப்படும் அக்கறை தீவுக்குள் நகரும் வழியில் காட்டப்படவில்லை. மதுரையிலிருந்து பரமக்குடி வரை ஏற்கெனவே நான்கு வழி. பரமக்குடி முதல் இராமநாதபுரம் வரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. அது முடிந்தபின் வேகமாக வந்து சேரும் வாகனங்கள் அனைத்தும் இருவழிப் பாலத்தின் வாசலில் நிற்கும். மண்டபம் பக்கத்திலேயே பெரிய நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து சிற்றுந்தோ இணைப்பு ரயிலோ விட்டு, பாலத்தில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நேர வரையறை வைப்பது இரண்டாவது பாலம் கட்டுவதைவிட விரைவாகவும் குறைந்த செலவிலும் நடக்கக்கூடியது. இரண்டாவது பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஒரு பாலம் இன்னும் ஒரு மடங்கு வண்டியைத்தான் தங்கச்சிமடம் கடைவீதிக்குள் கொண்டுவந்து விடும்.

ஐந்துக்கு மதிப்பெண் போட்டால் பாலத்துக்கும் தனுஷ்கோடிச் சாலைக்கும் நான்கு தரலாம். பாம்பன் முதல் நகர் வரையிலான சாலைக்கும் அதையொட்டிய சேவைகளுக்கும் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இயன்றால் ரயிலில் வாருங்கள். சொந்தக் காரில் வருவதானால் சனி, ஞாயிறு, அமாவாசை நாட்களைத் தவிர்த்து, காலை ஆறு மணிக்கு முன் பாலத்தைக் கடந்துவிடுங்கள். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் தங்கச்சிமடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஒலிப்பானை அமுக்கி ஒரு பயனும் இல்லை. தனுஷ்கோடிக்குள் மாலைக்குப் பின் வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பதால் காலையிலேயே அங்கே போய்விட்டு, வெயில் ஏறுமுன் திரும்பி, பிறகு கோயிலுக்குச் செல்வது உத்தமம். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். காலிப் புட்டியை அங்கே போடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். மீன் வாங்கிச் சாப்பிடுவதானால் விலையைப் பேசிக்கொண்டு, குடிசைகளுக்கு அருகில் உள்ளூர்க்காரர்கள் போட்டிருக்கும் கடைகளில் சாப்பிடுங்கள். ஊளி மீன் கிடைத்தால் விடாதீர்கள்.