ஐந்து குளிர்காலம் பார்த்த ஷவர் திண்டு

ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜூலை விடியற்காலையில் குளியலறைத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அதன் தெற்கே லெனேசியாவில் இருக்கும் எங்கள் வீட்டில் 2021 மே மாதம் டைல்ஸுக்கு அடியில் ஹீட்டிங் கேபிள் பதித்தோம். ஷவர் தண்ணீர் வெளியே ஓடாமல் இருக்க, செங்கல்லில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு திண்டும் கட்டினோம்.

கொத்தனார் முதலில் கேபிளை விரித்துவிட்டு அதன் மேலேயே திண்டு வைக்கலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. செங்கல்லுக்கு அடியில் சிக்கும் கேபிளின் சூடு வெளியேற வழியில்லை; அங்கேயே கேபிள் கெட்டுப்போகும். அதனால் கேபிளுக்குக் கீழே போடும் இன்சுலேஷன் பலகையைத் திண்டு வரும் இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு, கான்கிரீட்டின் மேலேயே செங்கல்லை உட்கார வைத்தோம். கேபிள் திண்டுக்கு ஒரு சாண் முன்பே திரும்பிவிடும். திண்டின் மேற்பரப்புக்கு ஷவர் பக்கமாக லேசான வாட்டம். வாட்டர்ப்ரூஃபிங்கை ஷவர் தரையிலிருந்து திண்டின் மேலேறி மறுபக்கம் இறங்கும்வரை விடாமல் பூசினோம்.

எங்கள் மேட் (கேபிளை வலையில் பதித்து வரும் விரிப்பு) 300 வாட். 230 வோல்ட்டில் கணக்குப்படி கேபிளின் மின்தடை 176 ஓம் வர வேண்டும். விரிப்பதற்கு முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின் என்று மூன்று தடவை மல்டிமீட்டர் வைத்தோம். மூன்று தடவையும் 178. டைல்ஸ் பசை கேபிளை மூடுவதற்கு முன், அளவு டேப்பை நீட்டி வைத்து போட்டோவும் எடுத்துக்கொண்டோம்.

ஒரே ஒரு தப்பு நடந்தது. திண்டும் தரையும் சேரும் மூலையில் வளைந்துகொடுக்கும் சிலிக்கானுக்குப் பதில், டைல்ஸ் இடைவெளியில் அடைக்கும் சிமென்ட் கலவையான க்ரௌட்டை அடைத்துவிட்டோம். 2022 குளிர்காலத்தில் கரண்ட் ஒரே நாளில் பல தடவை போய்ப் போய் வந்தது. தரை சூடாவதும் ஆறுவதுமாக இருந்தது. ஆகஸ்டில் பார்த்தால் மூலை நெடுக முடி போல ஒரு விரிசல். க்ரௌட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிலிக்கான் போட்டேன். அப்புறம் விரிசலே இல்லை.

அடுத்த வருஷம் கண்ணாடிக் கதவு மாட்ட வந்தவர், திண்டுக்கு வெளியே தரையில் துளை போட டிரில்லை எடுத்துவிட்டார். "ஏங்க, அந்தப் போட்டோவை எடுங்க!" என்று என் மனைவி சத்தம் போட்டார். கதவு மாட்ட வந்தவர் குறித்த இடத்துக்கு நேர் கீழே கேபிள். கடைசியில் கதவைச் சுவரில் மாட்டினார்கள்.

திண்டு இன்றும் அசையவில்லை, கசிவும் இல்லை. உயரம்தான் எனக்கு உறுத்துகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. திண்டைத் தாண்டும்போது சுவரில் கையை ஊன்றிக்கொள்கிறார். இந்த மாதம் அங்கே ஒரு கைப்பிடி வைக்கிறேன். சுவரில் கேபிள் இல்லை. துளைக்குள் சிலிக்கான் நிரப்பி முடுக்கினால் சரி.