பிஐடியா, எம்பிசியா?

ஆலைகளைத் தானாகக் கட்டுப்படுத்த இரண்டு முறைகள் உண்டு: பிஐடி (PID), எம்பிசி (MPC, மாதிரியை வைத்து முன்கூட்டிக் கணித்துக் கட்டுப்படுத்துவது). தொட்டித் தண்ணீரை 60 டிகிரியில் நிறுத்தவேண்டும், அவ்வளவுதான் என்றால் பிஐடி போதும். இப்போதைய பிழை (இலக்குக்கும் நிலவரத்துக்கும் உள்ள வித்தியாசம்), இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறும் வேகம் மூன்றையும் எடைபோட்டுக் கூட்டி வால்வுக்கு அனுப்பும். தொட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் கணித மாதிரியே வேண்டாம். கப்பலில் சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்துப் பொறியாளர் மினோர்ஸ்கி 1922-இல் எழுதிய கணக்கு இது. இன்றும் ஆலைகளில் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது.

ஆனால் ஒரு வம்பு உண்டு. நீராவி வால்வு முழுதாகத் திறந்தும் 60 டிகிரி வரவில்லை என்று வையுங்கள். சேர்ந்த பிழையின் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் வெப்பம் 60-ஐத் தாண்டினாலும், அந்தப் பழைய பாக்கி தீரும்வரை வால்வு மூடாது. இதைத் தடுக்கத் தனியாக ஏற்பாடு செய்யவேண்டும்.

எம்பிசிக்கு வால்வின் எல்லை முன்பே தெரியும். மாதிரியை வைத்து வரப்போகும் நிமிடங்களை ஓட்டிப் பார்க்கும். எல்லைக்குள் அடங்கும் சிறந்த நகர்வுகளைத் தேர்ந்து, முதலாவதை மட்டும் செய்துவிட்டு மறுபடி கணக்குப் போடும். சதுரங்கம் ஆடுகிறவர் மாதிரி. 1970-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வேரூன்றியது. அங்கே வடிகலத்தில் (எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரம்) நீராவியைக் கூட்டினால் மேலே வரும் சரக்கும் மாறும், கீழே வரும் சரக்கும் மாறும். இரண்டு பிஐடிகளை விட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

சரி, செலவு? மாதிரி கட்டுவதுதான். ஆலையின் வால்வுகளை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி, விளைவை அளக்கவேண்டும். ஆலை மாறினால் மாதிரியும் பழசாகிவிடும்.

என் கணிப்பில் ஒரே அளவை ஒரே வால்வால் கட்டுப்படுத்தும் ஒற்றை வளையத்துக்கு எம்பிசி வீண். ஆலைகளிலும் அது பெரும்பாலும் பிஐடிக்கு மேலே உட்கார்ந்து இலக்கை மட்டும் சொல்கிறது. கீழே வால்வு ஒட்டிக்கொண்டால் இரண்டுமே தடுமாறும். முதலில் வால்வைப் பாருங்கள்.