வீட்டுக்குள் அடிபடும் பால்புதுமையினருக்குத் துணை நிற்கும் கோவைக் குழு: சேவை எப்படி?

தன்பாலீர்ப்பாளர், திருநர் என்பதற்காக வீட்டில் அடிபடுபவர்களுக்கும், துணையிடம் அடிபடுபவர்களுக்கும் உதவும் சிறிய தன்னார்வக் குழு ஒன்று கோவையில் இருக்கிறது. பெயரும் முகவரியும் இங்கே இல்லை. மகளைத் தேடிப் பங்காளிகள் நாலு காரில் கிளம்பி வரும் ஊர் நம்முடையது. இடம் வெளியே தெரிந்தால் மறுநாள் அங்கே யாரையும் தங்க வைக்க முடியாது.

அழைத்தவரிடம் இவர்கள் முதலில் பெயர் கேட்பதில்லை. "இப்பப் பேசலாமுங்களா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. நடுவில் ஆள் வந்துவிட்டால் எப்படிப் பேச்சை மாற்றுவது என்பதும் அப்போதே முடிவாகிவிடும். அழைத்தவர் "சம்பளம் எவ்வளவுங்க?" என்றால் போதும், இந்தப் பக்கத்துக் குரல் திருப்பூர் பனியன் கம்பெனிக் குரலாகிவிடும்: "செக்கிங்குக்கு ஆள் எடுக்கறோமுங்க, கைமடிக்கும் வேணும்." ஷிஃப்ட் நேரம் வரை சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். என்ன வார்த்தை என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

"உடனே கிளம்பி வா" என்று சொல்லாததுதான் இவர்களுடைய பெரிய பலம். உயிருக்கே ஆபத்து என்றால் 112-ஐ அழைக்கச் சொல்கிறார்கள். மற்றபடி, கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையே நிறைய இருக்கிறது. பெரும்பாலும் சிம் கார்டு அப்பா பெயரில்தான் இருக்கும். ஆள் போன அன்றே அவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் வாட்ஸ்அப்பும் பேங்க் ஓடிபியும் அவர் கைக்குப் போய்விடும். எனவே முதலில் சொந்தப் பெயரில் சிம், அடுத்து பேங்கிலும் ஆதாரிலும் நம்பர் மாற்றம். பேங்கில் மாற்றும்போது பழைய நம்பருக்கும் மெசேஜ் போகலாம் என்பதால், அந்த ஃபோன் தன் கையில் இருக்கும் நாளாகப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் கணக்கு திறந்தே கிடந்தால் ஃபோன் இருக்கும் இடம் அதில் தெரியலாம். அதையும் மூட வேண்டும்.

ஆதார், பத்தாவது மார்க்‌ஷீட், டிசி, பாஸ்புக், மருந்துச் சீட்டு இவற்றை ஒரே நாளில் எடுத்தால் பீரோ காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றாக வெளியே போக வேண்டும். நகையைத் தொடவே கூடாது, தன் கழுத்துச் செயினாக இருந்தாலும் சரி. "நகையத் தூக்கிட்டு ஓடிட்டா" என்று திருட்டுப் புகார் வந்தால், மேஜர் ஒருவர் விருப்பப்பட்டு வெளியேறியது என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

ஸ்டேஷனில்தான் இந்தக் குழுவின் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. காணவில்லை என்று புகார் பதிவானதும், வயதுச் சான்றோடும் வக்கீலோடும் ஆளைக் கூட்டிப் போய், சுய விருப்பத்தில் வெளியேறியதாக எழுதிக் கொடுக்கிறார்கள். சுஷ்மா என்ற தன்பாலீர்ப்புப் பெண்ணும் அவர் துணையும் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவின் நகல் பையில் இருக்கும். விருப்பத்தோடு வாழும் மேஜர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை கொடுக்காமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்குச் சொன்னது அந்த உத்தரவு. அப்படியும் நடப்பது வேறு. அம்மா தரையில் உட்கார்ந்து, "ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்துட்டுப் போ சாமி" என்று அழுவார். அந்த ஒரு ராத்திரிக்குப் போனவரின் ஃபோன் பறிபோகும், மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதனால் பெற்றோரோடு பேசுவதாக இருந்தாலும் ஸ்டேஷனுக்குள்ளேயே பேசச் சொல்கிறார்கள். "சொத்து வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று நீட்டும் பேப்பரில் கையெழுத்துப் போட விடுவதும் இல்லை. அந்த மிரட்டலுக்கு நடுவில் அசையாமல் நிற்பது லேசுப்பட்ட காரியம் அல்ல.

சட்டமும் தெரிந்தவர்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன் அடித்தால் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் அப்பாவும் அண்ணனும் அடித்தாலும் பெண் அதில் மனுப் போடலாம். 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அம்மா மீதும் போடலாம். 27-ஆம் பிரிவுப்படி தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால், கோபிசெட்டிபாளையத்துப் பெண் கோவையிலிருந்தே பாதுகாப்பு ஆணை கேட்க முடியும். திருநருக்கு 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் வீட்டில் அடிப்பது, விரட்டுவது போன்ற கொடுமைக்கு அதில் 6 மாதம் முதல் 2 வருடம் வரைதான் தண்டனை. பாலியல் வன்முறைக்கும் அவ்வளவுதான் என்பது அநியாயம்.

குறைகளும் உண்டு. ஆண்களைத் தங்க வைக்க இவர்களிடம் இடமில்லை. அரசின் சகி மையம் பெண்களுக்கானது, அங்கும் அதிகபட்சம் 5 நாள். அடிபட்டு வரும் தன்பாலீர்ப்புப் பையன் காந்திபுரத்தில் லாட்ஜ் ரூம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பணம் எப்போதும் கையைக் கடிக்கிறது. பிரிட்டனில் இதே வேலை செய்த புரோக்கன் ரெயின்போ 2016-இல் நிதி இல்லாமல் மூடியபோது, கேலப் அமைப்பு ஹெல்ப்லைனை எடுத்து நடத்தியது. இங்கே இவர்கள் நிறுத்தினால் எடுத்து நடத்த இன்னொருவர் கண்ணில் படவில்லை.

துணையே அடிக்கும் விவகாரத்தில் இவர்கள் இன்னும் தேற வேண்டும். "உங்க வீட்டுல சொல்லிடுவேன்" என்ற மிரட்டலை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்துப் பால்புதுமையினரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அடித்தவர் தன்னார்வலரின் நண்பராகவே இருக்கலாம். அந்த நேரத்தில் சமாதானம் பேச முனைகிறார்கள், அது அடிபட்டவரைத் திரும்ப அதே ரூமுக்கு அனுப்புவதில் போய் முடிகிறது. துணையைப் பற்றிய புகார் என்றால், எடுத்த எடுப்பிலேயே இருவரையும் தெரியாத ஆளைக் கேளுங்கள். கேட்டால் வெளியூர்த் தன்னார்வலரிடம் மாற்றிவிடுகிறார்கள், காரணம் கேட்பதில்லை.