ரீகால் வந்த வண்டியா, ரீகாலே வராத வண்டியா?

போன மழைக்காலத்தில் கோவையில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில், செகண்ட் ஹேண்டில் விலைக்கு வந்த பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் ஒன்றின் முன்னால் டார்ச் லைட்டோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயின் தலைமாட்டில், இரண்டு பக்கமும் ஒரு உலோக வளையம் இருக்கிறதா என்று தேடினேன். வண்டிக்காரர் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ரீகால் வந்த வண்டின்னு யோசிக்கிறீங்களா தம்பி? அந்த வேலையெல்லாம் எப்பவோ முடிஞ்சுதுங்க."

நான் யோசித்தது அதற்கு நேர் எதிர். ரீகால் என்றால் கம்பெனியே குறையை ஒத்துக்கொண்டு வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது. அது வந்து, வேலையும் முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ரீகாலே வராத குறைகள்தான் வயிற்றைக் கலக்கும். நெடும்பயணத்துக்கும் மண்பாதைக்கும் ஆன பெரிய அட்வென்ச்சர் வண்டி வாங்க நினைப்பவர்கள் குதிரைத்திறன், சீட் உயரம் எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வருவார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு ஜிஎஸ், ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வின், கேடிஎம் 790/890 அட்வென்ச்சர் ஆகிய மூன்றையும் இரண்டே கணக்குகளில் வைத்துப் பார்ப்போம். ஒன்று, கம்பெனியே கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தது. இன்னொன்று, ஓட்டுபவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

ஜிஎஸ்ஸின் முதல் கணக்கு நீளமானது. 2015-ல் பின்சக்கரம் பொருந்தும் வட்டத் தகடான ஃபிளேஞ்சுக்கு ரீகால் வந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய ஃபிளேஞ்சில் விரிசல் விழலாம். விரிசல் வளர்ந்தால் போல்ட் தளரும், சக்கரம் ஆடும். பிஎம்டபிள்யூவின் வேறு சில மாடல்களையும் சேர்த்து, அமெரிக்காவில் மட்டும் 43,000-க்கு மேற்பட்ட வண்டிகள் இதில் சிக்கின. அலுமினியத்தைக் கழற்றிவிட்டு இரும்பு ஃபிளேஞ்ச் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், கோளாறு பாதி வண்டியில், பாதி மனிதக் கையில் இருந்தது. டயர் மாற்றும் இடத்தில் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்காமல், காலால் ஸ்பேனரை மிதித்து முறுக்கும் பையன் நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது. அவனையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துத்தான் பாகத்தை வடிவமைக்க வேண்டும் என்று கம்பெனி ஒத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று.

2017-ல் ஃபோர்க். 2013 கடைசியிலிருந்து 2017 நடுப்பகுதி வரை தயாரான, தண்ணீர் குளிர்விப்பு வந்த பிறகான ஜிஎஸ், ஜிஎஸ் அட்வென்ச்சர் வண்டிகள். பெரிய பள்ளத்திலோ கல்லிலோ வேகமாக மோதினால், அல்லது வண்டி விழுந்தால், ஃபோர்க் குழாயின் மேல்முனையில் சேதம் ஏற்படலாம். அது கண்ணுக்குத் தெரியாமலே இருந்துவிடலாம் என்பதுதான் பிரச்சினை. சர்வீஸ் சென்டரில் சோதித்து, நல்ல குழாய்க்கு வலுவுக்கு ஒரு வளையம் ஏற்றி அனுப்பினார்கள். நான் டார்ச் அடித்துத் தேடியது அதைத்தான். அழகாக இருக்காது, பார்த்துப் பார்த்துச் செய்த வண்டிக்கு யாரோ பிளம்பர் வந்து கிளாம்ப் போட்ட மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். முரட்டுப் பாதைக்கென்று விற்ற வண்டி, முரட்டுப் பாதையில் அடிபட்டால் முன்பக்கம் பத்திரமா என்ற கேள்வி வந்தது, அதற்குப் பதிலும் போட்டுக் கொடுத்தார்கள்.

புதிய ஆர் 1300 ஜிஎஸ்ஸும் தப்பவில்லை. 2024-ல் அதன் எஞ்சினைக் கிளப்பும் மின்சுவிட்சான ஸ்டார்ட்டர் ரிலே அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று ரீகால் வந்தது.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். ஆயில் குளிர்விப்புக் கால ஆர் 1200 ஜிஎஸ் வைத்திருந்த யாரையாவது கேளுங்கள், முதலில் பெட்ரோல் அளவைத்தான் திட்டுவார்கள். டேங்குக்குள் மிதவைக்குப் பதில் மெல்லிய பட்டை ஒன்றைச் சென்ஸராக வைத்திருந்தார்கள். அது அடிக்கடி செத்துப்போகும். முழு டேங்கோடு கிளம்பினாலும் காலி என்று காட்டும். மாற்றினால் மறுபடியும் போகும். அதோடு முதல் சில ஆண்டு வண்டிகளில் சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம். அது பழுதானால் வண்டி தன் சாவியையே அடையாளம் தெரியாமல் நிற்கும், ஸ்டார்ட் ஆகாது. நெடும்பயணம் போகிறவர்கள் பஞ்சர் கிட் மாதிரி இதையும் உபரியாக ஒன்று பையில் வைத்துக்கொண்டு போன காலம் உண்டு.

ஆஃப்ரிக்கா ட்வின் கதை வேறு. ஹோண்டா என்றாலே நம் ஆட்கள் "ஆயில் மாத்திட்டு மறந்துடலாம்" என்பார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் 2016-ல் வந்த சிஆர்எஃப் 1000 எல் வண்டியின் ஸ்போக்குகள் துருப்பிடித்தன. பயன்படுத்தித் தேய்ந்து துருப்பிடித்தது இல்லை. ஒரே குளிர்காலத்தில், உப்பு தூவிய ஐரோப்பியச் சாலைகளில் ஓடிய புது வண்டிகளிலேயே, ஸ்போக் ரிம்மைத் தொடும் இடத்தில் செம்பழுப்புக் கறை. சிலருக்கு வாரண்டியில் சக்கரத்தையே மாற்றிக் கொடுத்தார்கள், சிலருக்கு "சரியாகக் கழுவவில்லை" என்ற பதில் கிடைத்தது. 2018 மாடலில் ஹோண்டா சத்தமில்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்போக் போட்டது. கம்பெனி தவறை ஒத்துக்கொள்வதில் இது ஒரு வகை: வாயைத் திறக்காமல் அடுத்த மாடலில் மாற்றிவிடுவது. ரீகால் அறிக்கையைத் தேடினால் இது கண்ணில் படாது. 2017 வண்டியையும் 2018 வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தால் தெரியும்.

2020-ல் வந்த சிஆர்எஃப் 1100 எல்-லில் புகார் இடது கைக்கு இடம் மாறியது. அந்த ஸ்விட்ச் தொகுதியில் பொத்தான்கள் ஏகத்துக்கு. புதிதாக ஏறுபவர் இண்டிகேட்டரைத் தேடி ஹாரன் அடிப்பார். அதற்குள் தண்ணீர் இறங்கி, பொத்தான்கள் வேலை செய்யாமல் போவதாகப் பல நாட்டு உரிமையாளர்களும் சொன்னார்கள். பம்ப் வாட்டர் வாஷ் விடுகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடச் சொல்வது நல்லது. அப்புறம் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியு மென்பொருள். 2022-ல் தயாரான ஆஃப்ரிக்கா ட்வின்களுக்கு அதில் பிழை இருந்ததாக 2024 இறுதியில் ஹோண்டா இந்தியாவிலும் ரீகால் அறிவித்தது. வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம்.

கேடிஎம் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கடுமையாக இருக்கிறேன். 790 அட்வென்ச்சர் 2019-ல் வந்தது, 890 அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. மூன்றிலும் மண்பாதையில் விளையாட இதுதான் சுகமான வண்டி, சந்தேகமே இல்லை. பெட்ரோல் டேங்க் இரண்டு பக்கமும் கீழே தொங்குவதால் எடை தரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் உரிமையாளர்களின் பெரிய புகார் எஞ்சினுக்குள்ளே: வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் மேட்டில் (லோப்) தேய்மானம். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய மேடு, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாகிவிடுகிறது.

இதில் வேதனை என்னவென்றால் வெளியிலிருந்து தெரியாது. வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கான இடைவெளி) பார்க்க 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் மூடியைத் திறக்கச் சொல்கிறது சர்வீஸ் அட்டவணை. வாரண்டி அதற்குள் முடிந்துபோனவர்கள் ஏராளம். திறந்து பார்த்து, குழி இருந்தால் செலவு உங்கள் தலையில், அல்லது கம்பெனியின் கருணையில். கருணை காட்ட வேண்டிய கம்பெனியோ 2024 நவம்பரில் ஆஸ்திரிய நீதிமன்றத்தில் திவால் நடவடிக்கைக்கு மனுப் போட்டது. பிறகு நம் பஜாஜ் பணம் இறக்கிக் கைதூக்கிவிட்டது. ஆனாலும் அந்த இடைக்காலத்தில் கேம்ஷாஃப்ட் கேட்டுக் கடிதம் எழுதியவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு புகார் வந்தும் இதற்கு ஏன் ரீகால் இல்லை? பாதுகாப்பு ரீகால் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதனால் யாருக்காவது அடிபடுமா? கேம்ஷாஃப்ட் தேய்ந்தால் சத்தம் வரும், வேகம் குறையும், பணம் கரையும். ஆள் விழ மாட்டார் என்பது வாதம். ஃபோர்க் உடைந்தால் விழுவார். அதனால்தான் ஜிஎஸ்ஸின் ரீகால் பட்டியல் நீளமாகவும், கேடிஎம்மின் பெரிய புகார் பட்டியலுக்கு வெளியேயும் கிடக்கின்றன. ரீகால் எண்ணிக்கையை மட்டும் வைத்து மார்க் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

எந்த நாட்டில் ஓடுகிறது என்பதும் சேர்ந்தது. இதற்கு நம் வாசலிலேயே உதாரணம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கூடவே இரண்டு 650 வண்டிகள், ஆக மொத்தம் சுமார் 15,200 வண்டிகளை 2020-ல், பிரேக் பேடுகளை அழுத்தும் பாகமான கேலிப்பருக்காகத் திரும்ப அழைத்தார்கள். பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியாவில் மட்டும். பனி உறையாமலிருக்க அங்கே சாலையில் தூவும் உப்பு, கேலிப்பருக்குள் அரிப்பை உண்டாக்கியதுதான் காரணம். அதே ஹிமாலயன் வைத்திருந்த தாம்பரத்துக்காரருக்குக் கடிதம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை.

அமெரிக்காவில் 1966-லிருந்தே சட்டம் இருக்கிறது. அங்கே ஓட்டுபவர் நேரடியாக அரசு அமைப்பிடம் புகார் பதியலாம், சேசிஸ் நம்பரைப் போட்டால் பாக்கியிருக்கும் ரீகாலும் தெரியும். இந்தியாவில் 2012-லிருந்து கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்வது மட்டும்தான் வழக்கமாக இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல்தான் அரசு கட்டாயப்படுத்தும் அதிகாரம் நடைமுறைக்கு வந்தது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு, ஒரு கோடி ரூபாய் வரை அபராதத்தோடு. பிஎம்டபிள்யூ மோட்டராட் இந்தியாவில் நேரடியாகத் தொழில் தொடங்கியதே 2017-ல். அதற்கு முன் வந்த ஜிஎஸ், கை மாறி மாறி உங்களிடம் வந்திருந்தால், ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரியோடு நின்றிருக்கும். சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு நீங்களேதான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

இப்போது யாராவது என்னைப் பிடித்து உலுக்கி எது என்று கேட்டால், 2018 மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன ஆஃப்ரிக்கா ட்வின், 1000 சிசி. ஸ்போக் பிரச்சினை தீர்ந்த வண்டி, 1100-இன் ஸ்விட்ச் தலைவலியும் இல்லை. அரை நாள் தூரத்தில் பிஎம்டபிள்யூ சர்வீஸ் சென்டர் இருந்து, பர்ஸும் கனமாக இருந்தால் தண்ணீர் குளிர்விப்பு ஜிஎஸ், வளையத்தோடு. 790/890 வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், வால்வ் மூடியைத் திறந்து கேம்ஷாஃப்ட்டைப் போட்டோ எடுத்த சர்வீஸ் பில்லை முதலில் கேளுங்கள். திறக்காத எஞ்சினுக்கு விலை பேசாதீர்கள்.

கோவை வண்டியில் வளையம் இரண்டு பக்கமும் இருந்தது. "சர்வீஸ் பைல் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டேன். உள்ளே போய், மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்த பில் கட்டு முழுவதையும் எடுத்து வந்தார். ஃபோர்க் வேலைக்கான தாளும் அதில் இருந்தது, தேதியோடு, முத்திரையோடு. ரூபாய் என்ற கட்டத்தில் பூஜ்யம். இரண்டாவது காபி வந்தது. அதற்குப் பிறகு விலை பேச உட்கார்ந்தோம்.